ஜூன் மாநாடும் வட ஆற்காட்டுக் கேள்விகளும்

ஆப்பிள் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடத்தும் மென்பொருள் உருவாக்குநர் மாநாடு நெருங்கி வருகிறது. அதில் என்னென்ன அறிவிப்புகளை எதிர்பார்க்கலாம் என்று கேட்டு, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்தும், அதாவது பழைய வட ஆற்காட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, இது வரப்போகிறது, அது வரப்போகிறது என்று நாளுக்கொரு செய்தி வருகிறது. எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியவில்லை.
– மாணவி, காட்பாடி

பதில்: இந்த மாநாடு யாருக்காக நடக்கிறது என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். இது பொருள் வாங்குபவர்களுக்கான விழா அன்று; மென்பொருள் எழுதுபவர்களுக்கு, "அடுத்த ஓராண்டில் உங்கள் வேலை இப்படி மாறும்" என்று சொல்லும் கூட்டம். ஆகவே சில அறிவிப்புகளை வதந்தியே இல்லாமல் நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஐஃபோன், ஐபேட், மேக், கைக்கடிகாரம், தொலைக்காட்சிப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றின் இயங்குதளத்துக்கும் புதிய பதிப்பு வரும். 2025-இல் எல்லாப் பதிப்புகளுக்கும் ஆண்டை ஒட்டி 26 என்று ஒரே எண் கொடுத்தார்கள். அந்த வரிசைப்படி இந்த முறை 27. செயலி எழுதும் கருவியான எக்ஸ்கோடுக்கும் புதிய பதிப்பு வரும். அன்றைக்கே உருவாக்குநர்களுக்குச் சோதனைப் பதிப்பும், ஜூலையில் பொதுமக்களுக்கான சோதனைப் பதிப்பும், செப்டம்பரில் முழுப் பதிப்பும் கிடைப்பது சில ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம்.

இதற்கு மேல் வருவனவற்றை இரண்டு வகையாகப் பார்க்கலாம். பல நிறுவனங்களின் கைகள் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தால்தான் ஆகும் காரியங்கள் எப்படியும் முன்கூட்டியே வெளியே கசிந்துவிடுகின்றன. 2005-இல் இன்டெல் சில்லுக்கு மாறியது, 2020-இல் இன்டெலை விட்டுத் தன் சொந்தச் சில்லுக்கு மாறியது, 2023-இல் விஷன் புரோ என்ற தலையணிக் கருவியைக் காட்டியது ஆகிய மூன்றுமே மேடைக்கு வருமுன் ஊடகங்களில் அடிபட்டவைதாம். சிறிய குழு ஒன்று கதவை மூடிக்கொண்டு செய்யும் வேலையோ வெளியே தெரிவதே இல்லை. ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியை ஆப்பிளின் பொறியாளர் கிறிஸ் லாட்னர் 2010 ஜூலையில் எழுதத் தொடங்கினார். 2014 ஜூன் 2 அன்று மேடையில் அதன் பெயரைச் சொல்லும் வரை, அரங்கில் இருந்தவர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அந்த ஒரு பெயர்தான் இன்று உங்களைப் போன்ற மாணவர்களின் பாடமாகவும் பலருடைய பிழைப்பாகவும் இருக்கிறது. ஒரு செய்தி கசியவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. கசிந்துவிட்டது என்பதால் அது உடனே கைக்கு வந்துவிடும் என்றும் ஆகிவிடாது.

கைக்கு வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2024 ஜூன் மாநாட்டில், நம் மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய சிரியை, அதாவது ஐஃபோனின் குரல் உதவியாளரைக் காட்டினார்கள். அதை நம்பிக் கைப்பேசி வாங்கியவர்கள் உண்டு. 2025 மார்ச்சில், அதற்கு நினைத்ததைவிட அதிக காலம் பிடிக்கும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. வேலூரின் சத்துவாச்சாரியில் என் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டு மாணவர்கள் கூடி ஆண்டுதோறும் மாநாட்டின் தொடக்க உரையைப் பார்க்கிறோம். ஒருவர் மட்டும் திரையின் நடுப்பகுதியைப் பார்க்காமல் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அடியில் சின்ன எழுத்துகளில், சில நொடிகள் மட்டும், "இந்த ஆண்டின் பிற்பகுதியில்", "சில மொழிகளில் மட்டும்", "இன்ன மாடலிலிருந்து மட்டும்" என்று ஒரு வரி வந்து போகும். அந்த வரியை நோட்டில் எழுதிக்கொள்வது அவர் வேலை. மேடையில் பேசுபவர் நாற்பது நிமிடம் சொல்வதைவிட அந்த நோட்டின் ஒரு பக்கம் எங்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. நீங்களும் ஒரு நோட்டு எடுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் இன்றே சோதனைப் பதிப்பில் கிடைப்பதையும், வலப்பக்கம் பின்னர் வரும் என்று சொல்லப்பட்டதையும் எழுதுங்கள். படிப்பதை இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலி செய்து வாங்கினோம். சில மாதங்களுக்கு முன் அதைப் புதுப்பித்தபோது, ஐஃபோனில் 'ஆர்டரை உறுதி செய்' என்ற பொத்தான் பாதி மறைந்துவிட்டது. செய்து கொடுத்தவரைக் கேட்டால், "கம்பெனி டிசைனை மாற்றிவிட்டார்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறார். வரும் ஜூனிலும் இப்படி ஏதாவது வந்து நிற்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தாங்கள் கடிதத்துடன் வைத்திருந்த இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய படத்தில் திரையின் அடியில் உள்ள பட்டை, சுவர் போலத் திடமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருக்கிறது. பக்கம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. புதிய படத்தில் அந்தப் பட்டை கண்ணாடித் துண்டு போல மிதக்கிறது; பக்கம் அதற்குக் கீழும் ஓடுகிறது. 2025 ஜூன் மாநாட்டில் 'லிக்விட் கிளாஸ்' என்ற பெயரில் அறிமுகமான தோற்றம் இது. தங்கள் பொத்தானை, திரையின் அடி விளிம்பிலிருந்து இத்தனை புள்ளி உயரம் என்று கணக்குப் போட்டு அசையாமல் பதித்திருக்கிறார்கள். பட்டை மாறியதும் பொத்தான் அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

இப்படி எண்ணைப் போட்டுப் பதிக்காமல், திரையில் எந்த இடம் மறைக்கப்படாமல் இருக்கிறதோ அந்த எல்லைக்குள் பொத்தானை நிறுத்தும் முறை 2017 முதலே இருக்கிறது. ஆகவே செய்து கொடுத்தவர் சொன்ன காரணம் பாதிதான் சரி. அந்த முறையில் எழுதியிருந்தால், பட்டை எப்படி மாறியிருந்தாலும் பொத்தான் தானே மேலே ஏறி நின்றிருக்கும். இது ஒரு நாள் வேலை. தாங்கள் உறுதியாகக் கேட்கலாம்.

வரும் ஜூனுக்கு வருகிறேன். பழைய கருவியால் கட்டிய செயலிக்குப் பழைய தோற்றமே தொடரும். புதிய எக்ஸ்கோடால் மறுபடி கட்டும்போதுதான் புதிய தோற்றம் வரும். அப்படிக் கட்டும்போதும், "எனக்குப் பழைய தோற்றமே போதும்" என்று ஒரு குறிப்பை எழுதித் தப்பிக்க வழி கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த வழி தற்காலிகமானது, அடுத்த பெரிய பதிப்பில் எடுத்துவிடும் எண்ணம் இருக்கிறது என்று 2025 மாநாட்டிலேயே சொல்லிவிட்டார்கள். தங்கள் செயலிக்காரர் பொத்தானைச் சரிசெய்யாமல் அந்தக் குறிப்பை மட்டும் எழுதி அனுப்பிவிட்டால், பார்க்க எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத் தோன்றும். பிறகு மறுபடியும் பொத்தான் பட்டைக்குள் போய்விடும். எனவே, "எந்த வழியில் சரிசெய்தீர்கள்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய அறிவிப்புகள் பெரும்பாலும் கைதட்டல் வாங்காதவையாகவே இருக்கும். கணக்குத் தொடங்க வசதி தரும் செயலி ஒவ்வொன்றும், அந்தக் கணக்கை உள்ளேயே நீக்கவும் வசதி தர வேண்டும் என்று 2021 மாநாட்டின்போது சொன்னார்கள். அது 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாயிற்று. இடையில் ஓராண்டு அவகாசம் இருந்தும், கடைசி வாரத்தில் ஓடியவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதேபோல ஒவ்வோர் ஏப்ரல் மாதத்தையும் ஒட்டி, ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் செயலிகள் சென்ற ஜூனில் அறிவித்த கருவியால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. ஜூனில் அறிவிப்பு, செப்டம்பரில் வாடிக்கையாளர் கையில், அடுத்த ஏப்ரலில் கட்டாயம் என்ற இந்தச் சக்கரத்தைத் தங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பராமரிப்புக்கான பணத்தை ஜூலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் செயலியில் கைவைக்க நேர்வது நல்லதன்று.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் உருவாக்குநர் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால், அவர் தொழிலை விட்டுப் போகும் நாளில் தங்கள் செயலியும் அவரோடு போய்விடும். கணக்கைத் தங்கள் நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, செயலியை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்கு முறையான வழி இருக்கிறது.

கேள்வி: புதிய ஐஃபோன் ஜூனில் வருமா? அதற்காகத்தான் பழையதை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 முதல் 2010 வரை இந்த மாநாட்டில்தான் புதிய ஐஃபோனைக் காட்டினார்கள். 2011-இல் அந்த வழக்கம் இலையுதிர் காலத்துக்கு மாறிவிட்டது. கணினிகள் சில ஆண்டுகளில் ஜூன் மேடைக்கு வந்ததுண்டு. 2024, 2025 மாநாடுகளில் அதுவும் இல்லை. ஆனால் உங்களிடம் இப்போது இருக்கும் கைப்பேசிக்குப் புதிய பதிப்பு உண்டா இல்லையா என்பது ஜூனில்தான் தெரியும். சென்ற ஆண்டு எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எஸ். மாடல்களை விட்டுவிட்டு ஐஃபோன் 11-லிருந்துதான் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் பட்டு நெசவு செய்கிறேன். மகள் வேலூரில் பொறியியல் படிக்கிறாள். ஐஃபோன் செயலி எழுதக் கற்க மேக்புக் வேண்டும் என்கிறாள். சென்னையில் ஒரு கடையில் 2019-ஆம் ஆண்டு மேக்புக், பழையது, மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, ஜூன் வரை காத்திருக்கலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: அந்த 2019 கணினியைத் தங்கள் மகள் சொல்லும் வேலைக்கு வாங்க வேண்டாம். அதில் இருப்பது இன்டெல் சில்லு. 2020 ஜூன் மாநாட்டில் இன்டெலை விட்டு விலகுவதாக அறிவித்து, அந்த நவம்பரில் எம்1 என்ற தன் சில்லோடு கூடிய கணினிகளை விற்கத் தொடங்கியது நிறுவனம். 2025 ஜூனில், மேக் இயங்குதளத்தின் 26-ஆம் பதிப்பான தாஹோதான் இன்டெல் கணினிகளுக்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். அதுகூட 2019, 2020-ஆம் ஆண்டுகளின் நான்கே மாடல்களுக்குத்தான் உண்டு. செயலி எழுதும் எக்ஸ்கோடின் ஒவ்வொரு புதிய பதிப்பும் ஓரளவு புதிய இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளம் நின்றுவிட்டால் எக்ஸ்கோடும் நிற்கும். எக்ஸ்கோடு நின்றால், முன்பே சொன்ன ஏப்ரல் விதிப்படி, மகள் எழுதும் செயலியைக் கடைக்கு அனுப்பவே முடியாமல் போகும். பாவு ஓடிய பிறகு அதன் நிறத்தை மாற்ற முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. கணினியில் சில்லுதான் பாவு. பின்னர் எதைச் சேர்த்தும் அதை மாற்ற முடியாது.

பழையதுதான் வாங்க முடியும் என்றால் எம்1 சில்லோ அதற்குப் பிந்தையதோ உள்ளதைத் தேடுங்கள். கற்பதற்கு எம்1 இன்றும் தாராளமாகப் போதும். வாங்கும்போது ஒன்றைத் தங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். கணினியை முழுவதும் அழித்து, கடையின் வைஃபையில் இணைத்து, முதல் நாள் பெட்டியிலிருந்து எடுத்தது போலத் தொடங்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டாலோ, "இந்தக் கணினி இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று ஒரு திரை வந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அலுவலகங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த கணினிகள் அந்தப் பூட்டு நீங்காமலே சந்தைக்கு வருகின்றன. கடைக்காரர் "பிறகு சரிசெய்து தருகிறேன்" என்று சொல்வதை நம்பி முன்பணம் கொடுத்த ஒரு குடும்பத்தின் துயரத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஜூன் வரை காத்திருப்பதில் தங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. எந்தெந்தக் கணினிக்கு 27-ஆம் பதிப்பு கிடைக்கும் என்ற பட்டியல் மாநாட்டு நாளிலேயே வெளியாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, புதிய பருவம் தொடங்குவதற்குள் வாங்கலாம். அதற்கிடையில் மகள் தன் கல்லூரி ஆய்வகத்தில் மேக் கணினி இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லாவிட்டாலும், ஸ்விஃப்ட் மொழி 2015 டிசம்பர் முதல் திறந்த மூல மொழியாக இருப்பதால், அதன் இலக்கணத்தைச் சாதாரண விண்டோஸ், லினக்ஸ் கணினியிலேயே கற்றுக்கொள்ளலாம். கடன் வாங்கி இந்த வாரமே வாங்க வேண்டிய அவசரம் சிறிதும் இல்லை.

கேள்வி: நான் தமிழாசிரியை. ஐஃபோனிடம் தமிழில் கேட்டால் அது தமிழிலேயே பதில் சொல்லும் நாள் இந்த மாநாட்டில் வருமா? என் மாணவர்களின் ஆண்ட்ராய்டு பேசுகிறதே!
– ஆசிரியை, ஆம்பூர்

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை நான் ஒவ்வோர் ஆண்டும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்றுள்ள நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 மாநாட்டை ஒட்டி, இந்திய ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளைக் கலந்து சிரியிடம் பேசலாம் என்ற வசதி அறிவிக்கப்பட்டது. அது ஆங்கில வாக்கியத்தில் தமிழைத் தூவிப் பேசுபவருக்கான வசதி. முழுத் தமிழ் உரையாடல் அன்று. கூகுளின் ஜெமினி செயலியோ 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழையும் சேர்த்து ஒன்பது இந்திய மொழிகளோடு வந்தது. ஆப்பிள் தன் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு 2025 வரை வெளியிட்ட மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணத்தையும் நாம் பார்க்க வேண்டும். ஆப்பிள் தன் வசதிகளில் பெரும்பகுதியைக் கைப்பேசிக்குள்ளேயே ஓடும் சிறிய மொழி மாதிரியை, அதாவது மொழியைப் புரிந்து பதில் எழுதும் மென்பொருளைக் கொண்டு செய்கிறது. சிறிய மாதிரிக்குள் எத்தனை மொழியைத் திணிக்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் சொற்களைத் துண்டாக்கும் முறை அதைப் பத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக உடைத்துவிடும். துண்டுகள் பெருகப் பெருக வேகம் குறையும், பிழை கூடும். இது தீர்க்க முடியாத சிக்கல் அன்று, ஆனால் யாராவது பணம் ஒதுக்கி உட்கார்ந்து தீர்க்க வேண்டிய சிக்கல். ஆகவே இந்த ஜூனிலேயே முழுத் தமிழ் வரும் என்று நான் தங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வந்தால் அன்றிரவே என் மாணவர்களோடு இனிப்பு வாங்கிக் கொண்டாடுவேன்.

அந்த நிறுவனத்தின் கருவிகளுக்குள் தமிழ் எப்போதும் படிப்படியாகவும், தமிழர்களின் கை பட்டும்தான் நுழைந்திருக்கிறது. மேக் கணினியில் உள்ள 'இணைமதி' எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். ஐஃபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013-இன் ஏழாம் பதிப்பில் வந்தன. வெளியார் எழுதிய விசைப்பலகைகளையும் அனுமதிப்பதாக 2014 மாநாட்டில் அறிவித்தார்கள். கேட்காமல் எதுவும் வரவில்லை.

தாங்களும் தங்கள் மாணவர்களும் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஜூலையில் பொதுச் சோதனைப் பதிப்பு வந்ததும், கூடுதலாக இருக்கும் ஒரு ஐஃபோனில் அதை ஏற்றி, தமிழ் எழுத்துகள் எங்கே வெட்டுப்படுகின்றன என்று பாருங்கள். செயலிகளில் 'கி', 'கீ' என்ற எழுத்துகளின் மேல்விலங்கு பொத்தானின் விளிம்பில் சீவப்பட்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஆங்கில எழுத்தின் உயரத்தை மட்டும் கணக்கிட்டு வரி உயரத்தை முடிவுசெய்வதால் நேர்வது அது. 'அறிவிப்புகள்', 'தனியுரிமை' போன்ற நீண்ட சொற்கள் பாதியில் மூன்று புள்ளியாக முடிவதும் அப்படித்தான். சோதனைப் பதிப்போடு வரும் 'ஃபீட்பேக் அசிஸ்டென்ட்' செயலியில் திரையைப் பிடித்த படத்தோடு அதைத் தெரிவிக்கலாம். ஒரு வகுப்பிலிருந்து முப்பது தெளிவான புகார்கள் போனால் அவற்றைப் பொறியாளர் ஒருவர் படிக்கத்தான் வேண்டும். ஜூலையில் சொல்வதற்குப் பலன் அதிகம். செப்டம்பரில் பதிப்பு பூட்டப்பட்டுவிடும்.

கேள்வி: அறிவித்த அன்றே சோதனைப் பதிப்பைக் கைப்பேசியில் ஏற்றலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: ஒரே கைப்பேசி வைத்திருப்பவர் ஏற்றக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனைப் பதிப்பை என் ஒரே கைப்பேசியில் ஏற்றினேன். மூன்றாம் நாள் இரவு உறவினர் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. முன்பணம் கட்டும் இடத்தில் நின்றுகொண்டு வங்கிச் செயலியைத் திறந்தால், "இந்தப் பதிப்பில் இயங்காது" என்று ஒரு வரி மட்டும் வந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்க, நான் ஏ.டி.எம். தேடி ஆட்டோவில் ஓடினேன். அன்று என்னோடு வந்திருந்தவரிடம் பணம் இருந்ததால் சேர்க்கை தடைப்படவில்லை. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

இரண்டாவது கைப்பேசியில் ஏற்றுபவரும், ஏற்றுவதற்கு முன் கணினியில் முழுக் காப்புநகல் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். சோதனைப் பதிப்பில் இருந்தபடி எடுத்த காப்புநகலைப் பழைய பதிப்புக்குத் திரும்பிய பின் ஏற்ற முடியாது.

கேள்வி: இந்த மாநாட்டுக்கு நம் போன்றவர்கள் நேரில் போக முடியுமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: 2019 வரை நுழைவுச்சீட்டு 1,599 டாலர், 2013-இல் எல்லாச் சீட்டுகளும் இரண்டு நிமிடங்களுக்குள் தீர்ந்தன. 2020 முதல் மாநாடு முழுவதும் இணையத்தில் இலவசம். முதல் நாள் மட்டும் குலுக்கலில் தேர்வாகும் ஒரு பகுதியினர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஆப்பிளின் கூபர்ட்டினோ வளாகத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். பயணச் செலவு அவரவருடையது. மாணவர்களுக்கு ஸ்விஃப்ட் மாணவர் போட்டி என்று தனி வழி இருக்கிறது. பிப்ரவரியில் விண்ணப்பம், மூன்று நிமிடத்தில் பார்த்து முடிக்கக்கூடிய சிறு செயலி ஒன்றை அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு 350 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் 50 பேரைக் கூபர்ட்டினோவுக்கு அழைக்கிறார்கள்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு: தொடக்க உரை அங்கே காலை 10 மணி, நமக்கு இரவு 10.30. செயலி எழுதுபவர்கள் தூங்கிவிடாமல், நள்ளிரவுக்குப் பின் 1.30 மணிக்கு வரும் இரண்டாம் உரையையும் பார்க்க வேண்டும். குடியாத்தம் வாசகருக்குச் சொன்ன கைதட்டல் இல்லாத அறிவிப்புகள் பெரும்பாலும் அதில்தான் வெளிப்படும். முடியாவிட்டால் மறுநாள் காலை பதிவைப் பாருங்கள், குறைவொன்றும் இல்லை.

கேள்வி: அரசு பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும். ஐஃபோனும் மேக்கும் இல்லாத எனக்கு இந்த மாநாடுகளால் என்ன பயன்?
– மாணவர், வேலூர்

பதில்: உங்களுக்கான மாநாடு ஜூனில் இல்லை, மே மாதத்தில் இருக்கிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை தலைமை ஏற்றிருக்கும் கூகுள் நிறுவனம் 2008 முதல் நடத்தும் 'ஐ/ஓ' மாநாடு அது. அதுவும் இணையத்தில் இலவசம்; தொடக்க உரை அதே இரவு 10.30 மணி. அங்கேயும் பெரிதாகப் பேசப்பட்டது ஒன்று, நிலைத்தது வேறொன்று என்ற வரலாறு உண்டு. 2009-இல் மேடையில் எல்லாரையும் வியக்க வைத்த 'கூகுள் வேவ்' என்ற செய்திப் பரிமாற்றச் சேவை அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டது. 2017-இல் கோட்லின் என்ற நிரல்மொழியை ஆண்ட்ராய்டுக்கு முறையாக ஏற்பதாகச் சொன்னதுதான் இன்று வரை வேலைவாய்ப்பு தருகிறது. அதனால், இந்த ஆண்டு புதிதாகக் காட்டப்பட்டதில் உங்கள் முதல் செயலியைக் கட்டாதீர்கள். இரண்டு மூன்று மாநாடுகளைக் கடந்து நிற்கும் கோட்லினில் கட்டுங்கள். கோட்லின் கற்க எந்தக் கணினியும் போதும்; செயலி கட்டும் கருவியான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை ஓட்ட 8 ஜி.பி. நினைவகமாவது வேண்டும் என்பதால் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட கணினியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவும் உங்களுக்குக் குறைவு. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் என்றால், பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர் தம் செயலியை 12 பேரிடம் கொடுத்து, தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே வெளியிட முடியும் என்று ஒரு விதி இருக்கிறது. பலர் அதைத் தடை என்று நினைக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வகுப்பே இருக்கிறது; முதல் பெஞ்சிலும் கடைசி பெஞ்சிலும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா?

என்ன செயலி என்று தோன்றாவிட்டால் உங்கள் கல்லூரிப் பேருந்து நேரத்திலிருந்து தொடங்குங்கள். எழுதத் தொடங்கிய பின் எங்காவது நின்றுபோனால் சனிக்கிழமை மாலையில் சத்துவாச்சாரிக்கு வாருங்கள். இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதினால் வழி சொல்கிறேன். வரும்போது பிழைச் செய்தியை நினைவிலிருந்து சொல்லாமல், அது திரையில் இருக்கும்படியே கொண்டுவாருங்கள்.